மூன்றாம் வளையத்துச் சுவர்

ஹூஸ்டன் நகரம் தன்னைச் சுற்றி ஒரு சாலையை வளையமாகப் போட்டுக்கொண்டது, அந்த வளையம் இறுக்கியதும் அதற்கு வெளியே இன்னொன்றைப் போட்டுக்கொண்டது, அதுவும் இறுக்கியதும் நெல் விளைந்துகொண்டிருந்த சமவெளியின் நடுவே மூன்றாவதாக ஒன்றைப் போட்டுக்கொண்டது. வளையம் ஒவ்வொன்றும் விழ விழ அதன் ஓரத்து மாட்டுப் பண்ணைகள் கைமாறி, வாய்க்கால்கள் மூடப்பட்டு, வாசலில் நீரூற்றும் கல்லெழுத்தும் வைத்த குடியிருப்புகள் எழும்பின. அப்படி எழும்பிய ஒன்றுக்குக் கொக்குகளின் புல்வெளி என்று பொருள்படும்படி ஹெரன் மெடோஸ் என்று பெயர் வைத்தார்கள். வீடுகள் வந்த பிறகும் கொஞ்ச காலம் கொக்குகள் வந்து, தண்ணீர் இருந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டுப் போயின.

மூன்றாவது வளையச் சாலை திறந்ததும் அதன் இரைச்சலில் அலமாரியில் இருந்த பீங்கான் தட்டுகள் நடுங்கின, தொட்டிலில் கிடந்த குழந்தைகள் மத்தியானத் தூக்கத்தை மறந்தன. குடியிருப்புச் சங்கம் மனு மேல் மனு போட்டு, கடைசியில் சாலைக்கும் தோட்டங்களுக்கும் நடுவே இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கான்கிரீட் சுவர் வந்தது. கடைசிப் பலகையைக் கிரேன் இறக்கி வைத்த அன்று மாலை சாலையின் இரைச்சல் குறையவில்லை, நின்றே போனது. அதன் இடத்தில், கார்களுக்குள் இருக்கிறவர்கள் பேசுவது கேட்டது.

முதலில் யாரோ ரேடியோ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தோட்டத்துக்கு வந்து சுவரைப் பார்த்து நின்றார்கள். சாலை வளைந்து போகும் அந்த ஒரு மைலுக்குள் எந்தக் காரில் யார் என்ன பேசினாலும், கண்ணாடி ஏற்றியிருந்தாலும், முணுமுணுத்தாலும், இந்தப் பக்கம் தெளிவாக வந்தது. ஆயிரம் குரல் ஒன்றாக வந்தாலும் ஒன்றோடு ஒன்று கலக்காமல், அரிசியில் உளுந்து தனியாகத் தெரிகிற மாதிரி தனித்தனியாக வந்தது. ஒரு பெண் நேர்காணலுக்கு விடை சொல்லிப் பழகிக்கொண்டு போனாள். ஒரு லாரிக்காரர் ஸ்பானிஷ் மொழியில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு போனார். ஒருவன் தன் மேலாளரை, நேரில் ஒருபோதும் திட்ட முடியாத வார்த்தைகளால், அந்த ஒரு மைல் முழுக்கத் திட்டிக்கொண்டே போனான்.

நெடுஞ்சாலைத் துறையிலிருந்து வந்தவர்கள் கருவியை நீட்டி அளந்து, சுவர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதிவு செய்து பார்த்தால் பதிவில் வெறும் இரைச்சல்தான் இருந்தது. பாதிரியார் ஒருவர் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார், பக்கத்து ஊர்க் கோவில் குருக்கள் ஒரு தேங்காய் உடைத்தார், இரண்டு பேரும் காபி குடித்துவிட்டுப் போனார்கள். வீடு விற்பவர்கள் முதலில் அதை மறைத்தார்கள், பிறகு அதற்கென்றே கூடுதல் விலை சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அது அந்த ஊரின் வெயில் மாதிரி, கொசு மாதிரி, இருக்கிற ஒன்றாகிவிட்டது. ஒரு வழக்கமும் தானாக வந்து சேர்ந்தது. ஹெரன் மெடோஸ்காரர்கள் தங்கள் வீடுகளுக்குப் பின்னால் சாலை வளையும் இடம் வந்தால் வாயை மூடிக்கொண்டார்கள். போனில் இருந்தால், சுவர் வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்தார்கள். பின்சீட்டில் குழந்தைகள்கூட உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு அந்த ஒரு மைலைக் கடந்தன.

அந்த வரிசையில் ஒரு வீடு கோமதியுடையது. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் இசக்கிராஜ் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் குழாய்களை வரைகிறவன். ஆபீஸில் அவனுக்கு வெறும் ராஜ். அவர்களுக்குத் தாமிரா என்று ஒரு மகள் இருந்தாள். ஆற்றின் பெயரில் பாதியை அவளுக்கு வைத்திருந்தார்கள். ஏழு வயது முடியும் முன்பு அவள் ரத்தத்தில் வந்த நோய் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை இல்லை, பேச்சும் இல்லை. பால் தீர்ந்துவிட்டது என்று ஒருவர் சொல்வார், வாங்கி வருகிறேன் என்று மற்றவர் சொல்வார். மகளின் பெயரை இரண்டு பேரும் எடுக்கவில்லை. காரியங்கள் முடிந்த மறுவாரம் இசக்கிராஜ் தோட்டத்தில் இருந்த ஊஞ்சலைக் கழற்றி, அதன் கால்களைத் தோண்டி எடுத்து, யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தான். அதன் பிறகு அவன் தோட்டத்துப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. சுவர் வந்த போதும் போகவில்லை. ஊரே சுவரைப் பற்றிப் பேசிய போதும் அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். அவனுக்குச் சுவரைப் பற்றித் தெரியாது என்றே கோமதி நினைத்திருந்தாள். தெரிந்தாலும் அவன் நம்பியிருக்க மாட்டான் என்று நினைத்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் தோட்டத்துக் குழாயை மூடப் போனாள். வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்த நேரம். குரல்களுக்கு நடுவே ஒரு குரல், அவளுக்குத் தெரிந்த குரல், ஆனால் வருஷக்கணக்கில் அவள் கேட்டிராத இழைவோடு சொன்னது:

"தாமிரா, அங்க பாரு. நீ கொக்கு எண்ணுவியே, அந்த வயலு. மண்ணைக் கொட்டி மேடாக்கிட்டாங்க. ஸ்கூலு வருதாம், போர்டு வச்சிருக்காங்க. மஞ்சக் கலர் போர்டு. உனக்குப் பிடிக்காது, எனக்குத் தெரியும்."

கோமதி குழாயை மூடவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். குரல் மெதுவாக, வண்டியின் வேகத்தில் நகர்ந்து, அடுத்த வீட்டுப் பக்கம் போய், அப்புறம் இல்லாமல் போனது. கொஞ்ச நேரத்தில் முன்வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவன் உள்ளே வந்து கை கழுவினான்.

"இன்னைக்கு லேட்டா?" என்றாள்.

"டிராஃபிக்" என்றான்.

மறுநாளும் அவள் போய் நின்றாள். மறுநாளும் அவன் பேசினான். அதன் பிறகு அந்த நேரத்துக்குச் சுவரடியில் நிற்பது அவளுக்கு வேலையாகிவிட்டது. வளர்ந்துகொண்டே போகும் ஊரை அவன் மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். எந்தப் பண்ணையில் வேலியைப் பிடுங்கினார்கள், எந்த இடத்தில் இந்தியக் கடை வருகிறது, புதிதாக எழும் பாலத்தின் தூண்கள் எப்படி யாரோ கையைத் தூக்கி நிற்கிற மாதிரி நிற்கின்றன, அவளோடு படித்த பிள்ளைகள் எத்தனை உயரமாகிவிட்டார்கள் என்று எல்லாம் சொன்னான். நடுநடுவே, "அம்மாகிட்ட சொல்லு, கழுத்து வலிக்கு அந்தத் தைலத்தை விட்டுட்டு டாக்டரைப் பாக்கச் சொல்லு" என்பான். "அம்மா மதியம் சாப்பிட்டாளான்னு கேளு" என்பான். கோமதிக்கு அந்த வார்த்தைகள் காதில் விழுந்தும் மனசில் விழவில்லை. மனசு முழுக்க வேறொன்று நிறைந்திருந்தது, அது துக்கம்கூட இல்லை. பிள்ளையைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும் தனியாக இறங்கி வருகிறானே என்ற பொறாமை. தட்டில் சோறு வைக்கும்போது அவன் கையைப் பார்ப்பாள். அரை மணி நேரத்துக்கு முன்பு மகளோடு பேசிய மனுஷன் இவன் என்று நினைப்பாள். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று மட்டும் கேட்பாள்.

அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அவன் குரல் கேட்டது. இரண்டு வீடு தள்ளி ஒடெஸ்ஸா இருந்தாள். பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கறுப்பினப் பெண், தாமிராவைப் பள்ளிக்கு ஏற்றிப் போனவள் அவள்தான். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"உன் வீட்டுக்காரர் பேசுகிற பாஷை எனக்குப் புரியாது, கோமதி" என்றாள். "ஆனால் குழந்தையிடம் பேசுகிறார் என்று தெரிகிறது. எங்கள் வரிசையில் யாரும் அந்த நேரத்துக்குத் தோட்டத்தில் இருப்பதில்லை. நாங்களாகவே பேசி வைத்துக்கொண்டோம். அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது."

கோமதி நன்றி சொன்னாள். அப்போதுதான் கவனித்தாள்: அவன் வரும் நேரத்தில் வரிசை முழுக்கத் தோட்டக் கதவுகள் சாத்தியிருந்தன, நாய்களைக்கூட உள்ளே கூட்டிப் போயிருந்தார்கள்.

இதற்குள் சுவரின் செய்தி மற்ற குடியிருப்புகளுக்கும் போயிருந்தது. மூன்றாவது வளையத்துக்கு அப்பாலும் ஊர்கள் எழும்பி, அங்கிருந்தவர்கள் நகரத்துக்குப் போக இந்தச் சாலைக்கே வந்தார்கள். அவர்களில் சிலர் வேண்டுமென்றே சுவர்ப் பக்கத்து வரிசையில் வந்து, ஹெரன் மெடோஸில் இருக்கும் யாருக்கோ சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்காளோடு பல வருஷம் பேசாத ஒருத்தி வந்து, அம்மாவின் வளையலை நான்தான் எடுத்தேன், அதைக் கழற்றவே இல்லை, வா, கையில் பார் என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்காள் கேட்டுவிட்டுச் செருப்புகூட மாட்டாமல் காரை எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் ஊர்கள் பெருகப் பெருகக் குரல்களும் பெருகின. முன்பு ஆயிரமாக இருந்தவை பல ஆயிரமாகி, ஒன்றன் மேல் ஒன்று ஏறி, சில நாள் தோட்டத்தில் நின்றால் மனுஷப் பேச்சின் வெள்ளத்தில் நிற்கிற மாதிரி மூச்சு முட்டியது. சாலையும் அதைப் போலவே முட்டியது. கடைசியில் நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஆட்கள் வந்து, இன்னும் சில தடங்கள் சேர்க்கப் போகிறோம், சுவரை எடுத்துவிட்டுத் தள்ளி வேறு விதமாகக் கட்டுவோம், அதற்குக் கொஞ்ச காலமாகும் என்றார்கள்.

சங்கத்தின் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சுவர் போனால் நிம்மதி என்றார்கள் சிலர். அதனால் ஒரு கல்யாணம் முறிந்திருந்தது, வயசான ஒருவர் தன் மகன்கள் தன் வீட்டைப் பற்றிப் பேசியதைக் கேட்டுப் படுக்கையில் விழுந்திருந்தார். சுவர் இருக்கட்டும் என்றவர்கள் காரணம் சொல்லவில்லை, கையை மட்டும் தூக்கினார்கள். கோமதி எந்தப் பக்கமும் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பார்கவ் இருந்தான். விஜயவாடாக்காரன், சென்னையில் படித்ததால் தமிழ் வரும், இசக்கிராஜின் ஆபீஸில்தான் வேலை.

"உங்களுக்குக் கஷ்டந்தான் அக்கா" என்றான். "ராஜ் அண்ணாவுக்கு இன்னும் கஷ்டம். இதுக்காகவே சுத்திட்டு வர்றார் இல்லையா?"

"எதுக்காக?"

பார்கவ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எங்க ஆபீஸ் தெற்கே மாறி ரொம்ப நாளாச்சே அக்கா. அங்கேருந்து வர இந்த ரோடே வேண்டாம். டோல்ல ஏறினா இந்தச் சுவரைப் பாக்காமலே வீட்டுக்கு வந்துடலாம், நான் அப்படித்தான் வர்றேன். அவர் மட்டும் வடக்கே போய் ஏறி, முழுசாச் சுத்தி, இந்தப் பக்கமா வர்றார். ஏன்னு ஒரு நாள் கேட்டேன். வீட்டுல கொஞ்சம் பேச வேண்டியிருக்குன்னார்."

கோமதி வீட்டுக்கு நடந்தே வந்தாள். நடக்க நடக்க, இத்தனை நாள் காதில் மட்டும் விழுந்திருந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக மனசில் இறங்கின. அம்மாகிட்ட சொல்லு. அம்மாவைக் கேளு. எந்த வீட்டில்தான் இல்லை, புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்க்க முடியாத நாளில் நடுவே பிள்ளையை நிறுத்தி, அப்பாகிட்ட சொல்லு சோறு ஆறுதுன்னு, அம்மாகிட்ட சொல்லு பசிக்கலன்னு என்று பேசிக்கொள்வது? அவர்களே அப்படிப் பேசியிருக்கிறார்கள், தாமிரா இங்கும் அங்கும் ஓடி, சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். அவன் அதையேதான் செய்துகொண்டிருந்தான். பிள்ளை இல்லாத இடத்தில் பிள்ளையை நிறுத்தி, ஊரே வாயை மூடிக்கொள்ளும் மைலில், அவள் நிற்பாள் என்று நம்பி, அவளோடுதான் பேசிக்கொண்டு வந்தான்.

அன்று சாப்பிடும்போது அவள் எப்படியாவது ஆரம்பித்துவிடலாம் என்று பார்த்தாள். வாய் திறந்தாள். கத்தரிக்காய் வேகவில்லையோ என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றான்.

மறுநாள் சனிக்கிழமை, அவன் வீட்டில் இருந்தபோது அவள் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாட்களுக்குப் பிறகு அவள் நெடுஞ்சாலையில் ஓட்டியதில்லை. அந்தச் சாலைதான் ஆஸ்பத்திரிக்குப் போனது. காய்கறிக் கடைக்கும் தபால் ஆபீசுக்கும் உள்தெருக்களிலேயே சுற்றிப் போய்வந்துகொண்டிருந்தாள்.

"எங்க போற?" என்றான்.

"வெளிய. நீங்க தோட்டத்துக்குக் கொஞ்சம் தண்ணி விடுங்க. சுவரோரம் புல்லு காயுது."

அவன் அவளைப் பார்த்தான். சாவியைப் பார்த்தான். "சரி" என்றான்.

அவள் சாலையில் ஏறினாள். லாரிகள் இரண்டு பக்கமும் மலை மாதிரி போயின. வேகத்தைக் கூட்டப் பயந்து ஓரத்துத் தடத்திலேயே போனாள், பின்னால் வந்தவர்கள் ஒலி எழுப்பிவிட்டுத் தாண்டினார்கள். பிறகு சாலை வளைந்தது, வலது கைப் பக்கம் சாம்பல் நிறத்தில் சுவர் ஆரம்பித்தது. அதற்கு அந்தப் பக்கம் தன் வீடு எது என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாக் கூரையும் ஒன்றாக இருந்தன.

"தாமிரா" என்றாள். சொன்ன பிறகு சாலை மங்கலாகி, திரும்பத் தெளிந்தது.

"தாமிரா, அப்பாகிட்ட சொல்லு. அவர் சொன்னதெல்லாம் கேட்டேன்னு சொல்லு. தினமும் நின்னு கேட்டேன். அவர் சுத்தி வந்ததுதான் எனக்குத் தெரியாது, நேத்துதான் தெரியும். அப்பாகிட்ட சொல்லு, எனக்கு அவர் மேல கோவம். உன்னைத் தன்கூடவே வச்சிக்கிட்டு எனக்குத் தராம இருந்தாருன்னு கோவம். அது நியாயமில்லன்னு எனக்கே தெரியும், ஆனாலும் சொல்லு. ஊஞ்சலை எடுத்ததுக்குக் கோவம் இல்லன்னு சொல்லு. அவர் எடுக்கலன்னா நான் எடுத்திருப்பேன், தினமும் அதை எப்படிப் பாக்கது? தனியா நின்னு தோண்டினார். நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன், வந்து பிடிக்கல. அதைச் சொல்லு. கழுத்து வலி தேவலை. டாக்டரைப் பாத்தாச்சு. அப்புறம்..."

சுவர் முடிந்துவிட்டது. அவள் சொல்லிக்கொண்டேதான் போனாள்.

திரும்புவதற்கு இறங்க வேண்டிய இடத்தை அவள் விட்டுவிட்டாள். அடுத்ததில் இறங்கினால் அங்கே அவளுக்குத் தெரிந்த எதுவும் இல்லை. புதிதாகப் போட்ட தெருக்கள், கூரை ஏறாத வீடுகள், பெயர்ப் பலகை வைக்காத சந்திகள், மரமே இல்லாத ஒரு பூங்கா. நெடுநேரம் சுற்றி, ஒரு கட்டுமான ஆளிடம் வழி கேட்டு, உள்தெருக்கள் வழியாக வீடு வந்து சேர்ந்தாள். வீட்டுக்குள் அவன் இல்லை. பின்கதவு திறந்திருந்தது.

தோட்டம் முழுக்கத் தண்ணீர் நின்றது. குழாயைத் திறந்தவன் மூடவே இல்லை. அவன் சுவரோரம் செருப்பு முழுகும் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். ஒரு பக்கக் கன்னத்திலும் காதிலும் கான்கிரீட்டின் சாம்பல் தூசி அப்பியிருந்தது, கண்ணீர் அதில் கோடு போட்டிருந்தது.

கோமதி தண்ணீரில் இறங்கிப் போய்க் குழாயை மூடினாள்.

"வழி தப்பிட்டேன்" என்றாள்.

"அந்த எக்ஸிட்டை மாத்திட்டாங்க" என்றான். "நானே ரெண்டு தடவை தப்பியிருக்கேன்."

அன்றைக்கு அவ்வளவுதான் பேசினார்கள். ஆனால் திங்கட்கிழமை அவன் சுற்றி வரவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், தோட்டத்தில் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, பக்கத்தில் இன்னொன்றையும் போட்டான்.

சுவரை எடுப்பதற்கு முந்தைய மாலை ஹெரன் மெடோஸே காரில் ஏறியது. யாரும் சொல்லி வைக்கவில்லை. இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு கடந்த மைலை அன்று மெதுவாக, பேசிக்கொண்டே கடந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள், வீட்டில் யாரும் இல்லாதவர்கள் வீட்டுக்குச் சொன்னார்கள். ஒடெஸ்ஸா தன் பஸ்ஸில் ஏறிய பிள்ளைகளின் பெயர்களை, ஏறிய நிறுத்தங்களின் வரிசையில், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். தாமிராவின் பெயர் வந்தபோது கோமதியும் இசக்கிராஜும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்கள்.

காலையில் கிரேன் வந்தது. முதல் பலகை தூக்கப்பட்டதும் குரல்கள் அற்றன, அவற்றின் இடத்தில் இரைச்சல் திரும்ப வந்தது. பல வருஷத்து வண்டிகள் கூடியிருந்ததால் முன்பைவிடப் பெரிதாக வந்தது. அலமாரியில் தட்டுகள் நடுங்கின, குழந்தைகள் அழுதன, மரத்திலிருந்த குருவிகள் கூட்டமாகக் கிளம்பிப் போயின. சிலர் வீட்டை விற்றுவிட்டு இன்னும் மேற்கே, அடுத்த வளையம் வரப்போகும் இடத்துக்குப் போனார்கள். இருந்தவர்கள் அந்த இரைச்சலோடு இருக்கப் பழகினார்கள்.

சாயங்காலம் இரண்டு பேரும் தோட்டத்தில் நின்றார்கள். இடையில் புல்வெளியின் அகலம் இருந்தது. சுவர் இருந்த இடத்தில் சாலை திறந்து கிடந்தது, கார்கள் கண்ணாடி மின்ன ஓடிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றிலும் யாரோ வாயசைப்பது தெரிந்தது. இசக்கிராஜ் அதைப் பார்த்தபடியே ஏதோ சொன்னான். அவன் உதடு தாமிரா என்று ஆரம்பித்தது அவளுக்குத் தெரிந்தது. மற்றது இரைச்சலில் போய்விட்டது.

கோமதி காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள்.

"கேக்கல" என்றாள். "கிட்ட வந்து சொல்லுங்க."